மலை ரோட்டுல ஓடுற காரோட ஸ்டீரிங், சஸ்பென்ஷன்: அடிக்கடி கேக்குற கேள்விங்க

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி, கூடலூர் பக்கம் கார் வச்சிருக்கவங்க திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்கள ஒரே எடத்துல எழுதி வச்சிருக்கேன். ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி முன் வீல் இழுக்குற காருங்களத்தான் முக்கியமா மனசுல வச்சு எழுதுறேன், ஜீப்பும் பிக்கப்பும் கீழ தனியா இருக்கு. ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், எந்த மூட்டு ஆடுதுன்னு கையால தொட்டுப் பாத்து கண்டுபிடிக்காம எந்தப் பார்ட்டுக்கும் காசு குடுக்காதீங்க.

மலைல ஓடுற காருக்கு முன்பக்கம் சீக்கிரம் போயிடுதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர் வர்றதுக்குள்ள 14 கொண்டை ஊசி வளைவு, ஊட்டில இருந்து மசினகுடி பக்கம் கல்லட்டி வழியா எறங்குனா 36. ஒவ்வொண்ணுலயும் ஸ்டீரிங்க முழுசா ஒடிக்கிறோம், எறக்கத்துல வண்டி வெயிட்டு மொத்தமும் முன்னாடி சாயுது, அதோட பிரேக்கும் புடிக்கிறோம், இதெல்லாம் சேந்து லோயர் ஆர்ம் புஷ் (வீல வண்டியோட சேக்குற கீழ்க் கைல இருக்குற ரப்பர்), பால் ஜாயிண்ட் (அந்தக் கையும் வீலும் சேர்ற குண்டு மூட்டு), டை ராடு எண்ட் (ஸ்டீரிங் ராடு வீலோட சேர்ற மூட்டு) மேலதான் போய் விழுது. அப்புறம் மழை. ஜூன் ஜூலைல கூடலூர் பந்தலூர் பக்கம் ஊத்தும், அக்டோபர் நவம்பர்ல குன்னூர் கோத்தகிரி பக்கம் ஊத்தும், ரெண்டு சீசன்லயும் குழில தண்ணி நின்னுக்கும், எவ்வளவு ஆழம்னே தெரியாது. மூட்ட மூடியிருக்குற ரப்பர் உறை, அதான் பூட்டு, லேசா கிழிஞ்சிருந்தாக் கூட ஈரமும் சேறும் உள்ள போய் கிரீஸ கெடுத்துடும், அதுக்கப்புறம் அந்த ஜாயிண்ட் ரொம்ப நாள் தாங்காது.

சத்தத்த வச்சே எந்தப் பார்ட்னு சொல்லிட முடியுமா?

ஓரளவுக்கு முடியும், ஆனா அத வச்சு முடிவு பண்ணக்கூடாது. முதல்ல டிக்கில இருக்குற ஜாக்கி, ஸ்பானர், ஸ்டெப்னி எல்லாம் டைட்டா இருக்கான்னு பாருங்க, பாதி லொடலொட சத்தம் அங்கேந்துதான் வரும்.

சின்னச் சின்ன மேடு பள்ளத்துல லொட லொடன்னு விடாம அடிச்சா பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு (வளைவுல வண்டி சாயாம புடிக்கிற கம்பிய வீல் பக்கத்தோட சேக்குற சின்ன ராடு). ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கும்போது டொக்குன்னு ஒரே அடி அடிச்சா லோயர் ஆர்ம் புஷ்ஷோ பால் ஜாயிண்டோ, இல்லன்னா ஷாக்குக்கு (ஷாக் அப்சார்பர், முன்பக்கம் ஸ்பிரிங்கோட சேந்து இருந்தா ஸ்ட்ரட்) மேல இருக்குற ஸ்ட்ரட் மவுண்ட்டோ. வண்டிய நிறுத்தி வச்சு ஸ்டீரிங் திருப்பும்போது ஸ்பிரிங் சுருண்டு விடுபடுற மாதிரி டொய்ங்னு கேட்டா ஸ்ட்ரட் பேரிங் இறுகிடுச்சு. கொண்டை ஊசில முழுசா ஒடிச்சு ஆக்ஸிலரேட்டர் குடுக்கும்போது டக் டக் டக்னு வேகத்தோட சேந்து வந்தா சிவி ஜாயிண்ட் (இன்ஜின் சக்திய முன் வீலுக்குக் கொண்டு போற ஆக்சில் மூட்டு), வீல் உள்பக்கம் கிரீஸ் தெறிச்சிருக்கான்னு பாத்தாலே தெரிஞ்சிடும்.

வேகம் கூடக் கூட உய்ங்ங்னு கூடுற சத்தம் வீல் பேரிங். இது எந்தப் பக்கம்னு கண்டுபிடிக்க மலை ரோடே நமக்கு உதவும். வலது வளைவுல போகும்போது வெயிட்டு இடது வீல் மேல விழும், அப்ப சத்தம் கூடுச்சுன்னா இடது பேரிங், இடது வளைவுல கூடுச்சுன்னா வலது.

இன்னொரு விஷயம், இத நெறைய பேரு பாக்குறதே இல்ல. லொடலொட சத்தம் வர்ற ரோட்டுல பிரேக்க லேசா, வண்டி நிக்காத அளவுக்கு மட்டும் மிதிச்சுகிட்டே போய் பாருங்க. சத்தம் நின்னுடுச்சுன்னா அது சஸ்பென்ஷனே இல்ல, பிரேக் பேடோ, பேட அழுத்துற காலிப்பரோட பின்னோ லூசா ஆடுது. சின்னப் பார்ட்டும் கிரீஸும் போட்டா முடியுற வேலைக்கு ஷாக் மாத்திட்டுப் போனவங்க உண்டு.

குளிர் காலத்துல காலைல மட்டும் கீச்சு கீச்சுன்னு கேட்டு, கொஞ்சம் ஓடுனதும் அடங்கிடுச்சுன்னா ரப்பர் புஷ் குளிருல இறுகிக் கெடக்குன்னு அர்த்தம். உடனே பயப்பட வேணாம், அடுத்த சர்வீஸ்ல வெடிப்பு விட்டிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

ஸ்டீரிங்ல ப்ளே (மூட்டு ஆட்டம்) இருக்கான்னு வீட்டு வாசல்லயே பாக்க முடியுமாங்க?

முடியும், ஆனா நம்ம ஊர்ல சமதரை கிடைக்குறதுதான் கஷ்டம். சரிவுல ஜாக்கி போடவே போடாதீங்க. சமமான எடமா பாத்து நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் வீலுக்கு முன்னும் பின்னும் கல்லு வைங்க.

முதல்ல ஜாக்கி இல்லாமலே பாருங்க. இன்ஜின் ஓடட்டும், ஒருத்தர் உள்ள உக்காந்து ஸ்டீரிங்க இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கொஞ்சமா, ரெண்டு விரக்கடை அளவுக்கு மட்டும் ஆட்டட்டும். நீங்க வெளிய இருந்து வீல் பின்னாடி டார்ச் அடிச்சு டை ராடு எண்ட பாருங்க, முடிஞ்சா ரெண்டு விரல அந்த மூட்டு மேலயே வைங்க, ஒரு விரல் ராடு மேல, ஒரு விரல் வீலோட சேந்த நக்கிள் மேல. நல்ல மூட்டுன்னா ரெண்டும் ஒண்ணா நகரும். தேஞ்ச மூட்டுன்னா ராடு முதல்ல நகரும், ஒரு மயிரிழை கழிச்சுதான் நக்கிள் நகரும், அந்த சின்ன 'டிக்' விரலுக்கு நல்லாவே தெரியும், கண்ணுக்குத் தப்புனாக் கூட விரலுக்குத் தப்பாது.

அப்புறம் முன் வீல தூக்கி, கம்பெனி சொன்ன எடத்துல ஸ்டாண்டு வைங்க. ஜாக்கிய மட்டும் நம்பி அடில போகாதீங்க. கடிகாரத்துல 9 மணி 3 மணி இருக்குற மாதிரி வீலோட ரெண்டு ஓரத்தையும் புடிச்சு தள்ளி இழுங்க, இதுல ஆட்டம் இருந்தா டை ராடு எண்டோ, அதே ராடோட உள் முனைல இருக்குற ரேக் எண்டோ. 12 மணி 6 மணி மாதிரி மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, இதுல ஆட்டம் இருந்தா பால் ஜாயிண்ட் இல்லன்னா வீல் பேரிங். ரெண்டுல எதுன்னு பிரிக்க, உள்ள ஒருத்தர பிரேக்க அழுத்திப் புடிச்சிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் போயிடுச்சுன்னா பேரிங், அப்படியே இருந்துச்சுன்னா பால் ஜாயிண்ட்.

வண்டி ஒரு பக்கமா இழுக்குது. அலைன்மெண்ட் பண்ணா சரியாயிடுமா அண்ணா?

எல்லாரும் முதல்ல ஓடுறது அலைன்மெண்ட்டுக்குத்தான், உண்மைல அது கடைசிலதான் வரணும். முதல்ல நாலு டயர்லயும் காத்து பாருங்க. அப்புறம் முன் ரெண்டு டயரையும் இடம் வலம் மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க (ஒரே பக்கமா சுத்தணும்னு அம்புக்குறி போட்ட டயரா இருந்தா இது வேணாம்). இழுக்குற பக்கம் மாறிடுச்சுன்னா கோளாறு டயர்லதான். மாறலன்னா, பிரேக் அதிகம் புடிக்காம கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி ரெண்டு முன் வீல் பக்கமும் கைய கிட்ட கொண்டு போய் பாருங்க, தொட வேணாம், ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அந்தப் பக்கம் காலிப்பர் புடிச்சிகிட்டு விட மாட்டேங்குது.

இதெல்லாம் பாக்க நம்ம மலை ரோடு சரிப்படாது, வளைவும் சரிவுமா இருக்குறதால வண்டி தானா இழுக்குதா ரோடு இழுக்குதான்னே தெரியாது. மேட்டுப்பாளையம் தாண்டி கோயமுத்தூர் ரோட்டுல நேரா இருக்குற எடத்துல பாருங்க.

ஒரு ஆல்ட்டோ வந்துச்சு, ஒரு டீச்சரோடது, அவங்க தினம் கேத்திலேந்து ஊட்டி போய் வர்றவங்க. பிரேக் புடிச்சா இடது பக்கம் ஒதுங்குது, திரும்பத் திரும்ப அலைன்மெண்ட் பண்ணியும் ஒரு வாரம் நல்லா இருந்துட்டு மறுபடி அதே கதை. லோயர் ஆர்ம்ல கம்பிய குடுத்து நெம்புனா பின் புஷ்ஷோட ரப்பர் இரும்ப விட்டுத் தனியா கழண்டு வருது. பிரேக் புடிக்கும்போதெல்லாம் அந்த வீல் பின்னாடி நகந்துடுது, மெஷின்ல நிக்கும்போது நேரா நிக்குது. ஆட்டம் இருக்குற வண்டிக்கு அலைன்மெண்ட் பண்றது அவிழ்ந்த கட்டில நேரா நிமித்தி வைக்கிற மாதிரி, படுத்தா மறுபடி சாஞ்சுடும். புஷ் மாத்தி அதுக்கப்புறம் அலைன்மெண்ட் பண்ணாங்க, சரியாயிடுச்சு.

டயர் தேய்மானத்த வச்சு என்ன தெரிஞ்சிக்கலாம்?

நெறைய. ரெண்டு ஓரமும் தேஞ்சு நடுவுல நல்லா இருந்தா காத்து கம்மியா ஓட்டியிருக்கீங்க. நடு மட்டும் தேஞ்சா காத்து ஜாஸ்தி. உள் ஓரமோ வெளி ஓரமோ ஒண்ணு மட்டும் தேஞ்சா டோவோ (மேலேந்து பாத்தா வீல் உள்ள வெளிய திரும்பி நிக்கிற அளவு) கேம்பரோ (முன்னாடி இருந்து பாத்தா வீல் சாஞ்சு நிக்கிற அளவு) தப்பு. டயர் மேல உள்ளங்கைய குறுக்கால தடவிப் பாருங்க, ஒரு பக்கம் தடவும்போது வழவழன்னும் திருப்பித் தடவும்போது ரம்பம் மாதிரியும் இருந்தா டோ தப்பு. அங்கங்க குழி குழியா தேஞ்சிருந்தா ஷாக் செத்துப்போச்சு இல்லன்னா பேலன்சிங் போச்சு.

மலைல ஓடுற வண்டிக்கு முன் டயரோட வெளி ஓரம் கொஞ்சம் அதிகமா தேயுறது சகஜம், வளைவுல வேகமா திருப்புறதால வர்றது அது. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா பெரிய விஷயம் இல்ல. 8,000-லேந்து 10,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா டயர முன்னும் பின்னும் மாத்திப் போடுங்க.

ஊட்டில காத்து புடிச்சா கீழ போனதும் மாறிடும்னு சொல்றாங்க, எவ்வளவு வைக்கணும்?

டிரைவர் கதவ தொறந்தா ஸ்டிக்கர் இருக்கும், அதுல போட்டிருக்குறதுதான் கணக்கு, டயர் ஆறுன பிறகு பாக்கணும். மலைக்குன்னு தனியா குறைக்கவோ கூட்டவோ வேணாம்.

ஏன்னு கேட்டா, ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்க வெளிக் காத்தோட அழுத்தம் சுமார் 11 பிஎஸ்ஐதான், கடல் மட்டத்துல 14.7. கேஜ் காட்டுறது உள்ளயும் வெளியயும் இருக்குற வித்தியாசம். அதனால கீழ 30 வச்ச டயர் மேல வந்தா கிட்டத்தட்ட 3 கூடக் காட்டணும், ஆனா மேல குளிரு, 5 6 டிகிரி குறைஞ்சா சுமார் 1 பிஎஸ்ஐ இறங்கும், 20 டிகிரி வித்தியாசத்துக்கு 3 4 இறங்கிடும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு சரிக்கட்டிடுது. அதுக்கு மேல காத்து குறைஞ்சிருந்தா வால்வுலயோ ரிம்முலயோ கசிவுன்னு வச்சுக்கோங்க.

மேல இருக்குறப்ப ஒண்ணும் இல்ல, கீழ எறங்கி 80 தாண்டுனா ஸ்டீரிங் நடுங்குது. ஏன்?

மேல நீங்க 80-ல போறதே இல்லையே, அதான் தெரியல. ஒரு குறிப்பிட்ட வேகத்துல ஆரம்பிச்சு அதத் தாண்டுனா குறையுற நடுக்கம் வீல் பேலன்சிங், இல்லன்னா குழில விழுந்து ரிம் நெளிஞ்சிருக்கு. பிரேக் புடிக்கும்போது மட்டும் நடுங்குனா பிரேக் டிஸ்க். நீள எறக்கத்துல பிரேக்க விடாம மிதிச்சுகிட்டே வந்தவங்க வண்டில இது ஜாஸ்தி வரும்.

காலைல ஸ்டீரிங் கனமா இருக்கு, பவர் ஸ்டீரிங் போயிடுச்சா?

எந்த மாடல்னு பாக்கணும். ஆயில் ஓடுற பழைய பவர் ஸ்டீரிங்கா இருந்தா டப்பால ஆயில் மார்க்குக்கு இருக்கான்னு பாருங்க, குறைஞ்சிருந்தா எங்கயோ ஒழுகுது, ஊத்துனா மட்டும் போதாது. முழுசா ஒடிக்கும்போது கீய்ய்னு கத்துனா பெல்ட். குளிருல ஆயில் கெட்டியா இருக்குறப்ப லேசா முனகும், அது சரியாயிடும். கொண்டை ஊசிலயும் பார்க்கிங்லயும் ஸ்டீரிங்க கடைசி வரைக்கும் ஒடிச்சு அப்படியே அழுத்திப் புடிச்சிகிட்டு நிக்காதீங்க, பம்புக்கு ஆகாது, கடைசி தொட்டதும் ஒரு நூலு திருப்பி விட்டுடுங்க.

இப்ப வர்ற சின்னக் காருல பெரும்பாலும் மோட்டார் வச்ச எலக்ட்ரிக் ஸ்டீரிங். அதுல கனமா இருந்து டேஷ்போர்டுல ஸ்டீரிங் லைட்டும் எரிஞ்சா முதல்ல பேட்டரிய பாருங்க. டிசம்பர் ஜனவரில ஊட்டில உறைபனி விழுற காலைல வீக்கான பேட்டரி வோல்டேஜ் விட்டுடும், மோட்டாருக்கு கரண்ட் பத்தாது. பேட்டரி, டெர்மினல், சார்ஜ் ஏத்துற ஆல்டர்னேட்டர் மூணும் பாக்காம ஸ்டீரிங் தண்ட (காலம்னு சொல்லுவாங்க) மாத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க.

எறக்கத்துல இன்ஜின ஆஃப் பண்ணிட்டு, நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்னு சொல்றாங்களே?

தயவு செஞ்சு பண்ணாதீங்க. இன்ஜின் நின்னா பவர் ஸ்டீரிங்கோட உதவி போயிடும், பிரேக் மிதிக்கு பலம் குடுக்குற பூஸ்டர்ல மிச்சம் இருக்குற வேக்குவம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வரும், அப்புறம் மிதி கல்லு மாதிரி ஆயிடும். சாவிய தெரியாம உருவிட்டா ஸ்டீரிங் லாக்கே விழுந்துடும், அது ஒரு கொண்டை ஊசிக்கு முன்னாடி விழுந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாருங்க. மிச்சமும் ஆகாது, இப்ப இருக்குற இன்ஜெக்ஷன் வண்டி கியர்ல எறங்கும்போது ஆக்ஸிலரேட்டர விட்டா பெட்ரோல தானாவே நிறுத்திக்கும். எந்த கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல எறங்குங்க. கல்லட்டில ரெண்டாவது கியரும் பத்தலன்னா ஒண்ணுல எறங்குங்க, பின்னாடி ஹாரன் அடிக்கிறவங்கள கண்டுக்காதீங்க.

ஷாக் போயிடுச்சுன்னு எப்படித் தெரியும்? ஒரு பக்கம் மட்டும் மாத்தலாமா?

ஷாக் உடம்புல ஆயில் வழிஞ்சு அது மேல புழுதி அப்பியிருந்தா போச்சு. லேசான ஈரப் படலம் மட்டும் இருந்தா இன்னும் ஓடும். பானெட் மூலைய அழுத்தி விட்டுப் பாக்குற டெஸ்ட்டுல ஒண்ணுக்கு மேல ரெண்டு மூணு தடவ ஆடுனா சந்தேகம்தான், ஆனா ஆடலங்குறதுக்காக நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க. வளைவுல குழி வரும்போது வண்டி துள்ளி வெளிப்பக்கம் ஒதுங்குனா அதுதான் நம்ம ரோட்டுக்கு சரியான அறிகுறி.

ஒரே ஆக்சில்ல ரெண்டு பக்கமும் சேத்துத்தான் மாத்தணும். முன் ஸ்ட்ரட்ட கழட்டும்போது மேல இருக்குற நடு நட்ட ஸ்பிரிங் கம்ப்ரஸர் போடாம கழட்டவே கூடாது, அமுங்கி இருக்குற ஸ்பிரிங் ஆளையே அடிச்சுடும், வீட்டுல முயற்சி பண்ண வேண்டிய வேலையே இல்ல அது. கழட்டுனதோட மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசா அமுங்காம தடுக்குற ரப்பர்) மூணையும் பாத்து தேவைப்பட்டா மாத்திடுங்க, ரெண்டாவது தடவ லேபர் மிச்சம்.

எது கொஞ்ச நாள் தாங்கும், எது உடனே பாக்கணும்?

லிங்க் ராடு, லேசா வெடிச்ச புஷ், ஸ்ட்ரட் பேரிங் சத்தம், இதெல்லாம் சம்பளம் வர்ற வரைக்கும் தாங்கும், பாத்து மெதுவா ஓட்டுங்க. டை ராடு எண்ட், ரேக் எண்ட், பால் ஜாயிண்ட்ல கைக்கு ஆட்டம் தெரிஞ்சுதுன்னா வண்டிய எடுக்காதீங்க. டை ராடு எண்ட் கழண்டா ஸ்டீரிங் திரும்பும், அந்த வீல் திரும்பாது. பால் ஜாயிண்ட் கழண்டா வீல் மடங்கி வண்டி அப்படியே உக்காந்துடும். சமவெளில ரோட்டோரமா போய் நிக்கலாம், பர்லியாறுக்கும் குன்னூருக்கும் நடுவுல ரோட்டோரம்னா பள்ளம்தான். டயர் பக்கவாட்டுல வீங்கியிருந்தாலும் இதே கணக்குதான், உள்ள நூல் அறுந்திருக்கு, ஸ்டெப்னி மாட்டிட்டுத்தான் நகரணும்.

ஒர்க்ஷாப்ல விடும்போது என்ன கவனிக்கணும்?

எந்த மூட்டு ஆடுதுன்னு ஆட்டிக் காட்டச் சொல்லுங்க, நல்ல மெக்கானிக் சந்தோஷமா காட்டுவாரு. கழட்டுன பழைய பார்ட்ட கேட்டு வாங்கிப் பாருங்க. டை ராடு எண்ட் நட்டுல ஸ்ப்ளிட் பின் இருந்தா புதுசு போடணும், நைலான் நட்டா இருந்தா அதுவும் புதுசு, பழையத திருப்பி முறுக்கக் கூடாது.

முக்கியமானது ஒண்ணு, லோயர் ஆர்ம் புஷ் போல்ட்ட வண்டி தொங்கிகிட்டு இருக்கும்போது கடைசி டைட்டு குடுக்கக் கூடாது. வீல் தரைல ஊனி வண்டி தன் வெயிட்டுல உக்காந்த பிறகுதான் முறுக்கணும். தொங்கும்போது முறுக்குனா, எறக்குனதும் ரப்பர் முறுக்கிகிட்டே நிக்கும், சீக்கிரமே கிழிஞ்சுடும். 'புது புஷ்ஷு ஆறு மாசத்துல போச்சு, டூப்ளிகேட் போல'ன்னு சொல்றதுல பாதி இந்தக் கதைதான்.

டை ராடு, லோயர் ஆர்ம், ஸ்ட்ரட் எது மாத்துனாலும் கடைசில அலைன்மெண்ட் பண்ணி, பண்றதுக்கு முன்னாடி இருந்த அளவும் பண்ண பிறகு வந்த அளவும் போட்ட பிரிண்ட் வாங்கிக்கோங்க. நேர் ரோட்டுல ஸ்டீரிங் கோணலா நின்னா திருப்பி அனுப்புங்க.

எஸ்டேட் ஜீப், பொலேரோ பிக்கப் வச்சிருக்கோம், எங்களுக்கு?

பழைய ஜீப்புக்கு கிரீஸ்தான் உசுரு. கிங் பின் (முன் வீல் திரும்புற அச்சு), ஷேக்கிள் (பட்டைய வண்டியோட சேக்குற இணைப்பு), ராடு மூட்டுங்கள்ல நிப்பிள் (கிரீஸ் அடிக்கிற வாய்) இருக்குற எடமெல்லாம், பழைய கிரீஸ் பிதுங்கி வெளிய வர்ற வரைக்கும் அடிக்கணும், மழை சீசன்ல இன்னும் அடிக்கடி. குழில விழுந்ததும் ஸ்டீரிங் தானா ரெண்டு பக்கமும் படபடன்னு அடிச்சுகிட்டா கிங் பின் பேரிங்கும் ராடு எண்டும் சேந்து தேஞ்சிருக்கும், ஸ்டீரிங் உதறல அடக்குற டாம்பர் மட்டும் மாத்திப் பயனில்ல.

பிக்கப்ல கேரட்டு, முட்டைகோஸு, தேயிலை மூட்டைன்னு அளவுக்கு மேல ஏத்துனா பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) படுத்துடும், முன்பக்கம் தூக்கிக்கும். அப்ப முன் வீல் மேல வெயிட்டு இல்ல, ஸ்டீரிங் பஞ்சு மாதிரி லேசாயிடும், ஈர ரோட்டுல ஒடிச்சாலும் வண்டி நேராவே போகப் பாக்கும். எதிர்ல வர்றவன் உங்க லைட்டு கண்ணுல அடிக்குதுன்னு லைட்டு போட்டுக் காட்டுனா லோடு ஜாஸ்தின்னு புரிஞ்சிக்கோங்க. பட்டைல வெடிப்பு, நடு போல்ட்டு, யூ போல்ட்டு நட்டு மூணையும் வாரா வாரம் பாருங்க. பட்டை ஒரு பக்கம் மட்டும் மாத்துனா வண்டி சாஞ்சு நிக்கும், ஜோடியா மாத்துங்க.

பழைய கார் வாங்கப் போறோம், இந்த விஷயத்துல எத பாக்கணும்?

நேர் ரோட்டுல ஸ்டீரிங் நேரா நிக்குதான்னு பாருங்க. நாலு டயரும் எப்படித் தேஞ்சிருக்குன்னு பாருங்க, விக்கிறதுக்காக புது டயர் போட்டிருந்தா கழட்டுன பழைய டயர் எங்கன்னு கேளுங்க. பானெட் தொறந்து ஸ்ட்ரட் மேல்பக்கத் தகட்டுல புது வெல்டிங், புது பெயிண்ட் இருந்தா முன்பக்கம் அடி வாங்குன வண்டி, விட்டுடுங்க.

கீழ இருந்து டூருக்கு வர்றோம், ஏறுறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

இ-பாஸ் எடுத்துட்டீங்கன்னா (2024 மே மாசத்துலேந்து வெளி மாவட்ட வண்டிக்கு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேணும்), அதே நாள் காத்து, பிரேக் ஆயில், டயரோட உள் ஓரம், சிவி பூட்டு நாலையும் பாத்துடுங்க. உள் ஓரத்த ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சு வச்சாத்தான் பாக்க முடியும், வெளிய பாத்தா புதுசு மாதிரி இருக்குற டயர் உள்ள கம்பி தெரியுற அளவுக்குத் தேஞ்சிருக்கும். அப்படி இருந்தா கல்லாறுல யோசிக்காதீங்க, மேட்டுப்பாளையத்துலயே மாத்திட்டு ஏறுங்க.